அளவு தப்பினால்

அமெரிக்காவில் துப்பாக்கிப் பிரியர்கள் பலருடைய வீட்டுக் கொட்டகையில் ஒரு கனமான மர மேஜை இருக்கும். அதன்மேல் சில எளிய கருவிகள். சுட்டுத் தீர்ந்த தோட்டாக் கூடுகளைச் சேர்த்துவைத்து, அவற்றில் புது கேப் பொருத்தி, மருந்து நிரப்பி, ரவையை அழுத்தி, மறுபடியும் தோட்டாவாக்குகிறார்கள். ரீலோடிங் என்பது அங்கே ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. எந்தக் கருவி நல்லது என்று மணிக்கணக்கில் விவாதிப்பார்கள். நம்மூரில் இட்லிக்கு எந்த கிரைண்டர் நல்லது என்று பேசுவதைப்போல.

அதே மேஜையைத் திருவனந்தபுரத்தில் ஒருவர் தம் வீட்டு மாடியில் போட்டால்? காவல்துறை வந்து நிற்கும். மேஜையில் ஒரு தோட்டாகூட இல்லை, கருவிகள் மட்டும்தான் இருக்கின்றன என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 1959ம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அதையும் யோசித்துவைத்திருக்கிறது. 'வெடிபொருள்' என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் தோட்டா மட்டுமல்ல, தோட்டாவின் உதிரிப் பாகங்களும் அதைத் தயாரிக்கும் இயந்திரங்களும் அடக்கம். சட்டத்தின் கண்ணில் தோட்டா செய்யும் கருவியும் தோட்டாதான்.

உரிமம் இல்லாமல் தயாரிப்பது சட்டத்தின் 5ம் பிரிவுப்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம் வேறு, தயாரிக்கும் உரிமம் வேறு. முதலாவது கையிலிருப்பதால் இரண்டாவதும் கிடைத்துவிட்டதாக நினைப்பவர் சிறைக்குப் போவார்.

இவ்வளவு கெடுபிடி ஏன்? அந்தக் கருவிகள் செய்யும் வேலையைப் பார்த்தால் புரியும்.

முதலாவது, பிரைமர் பொருத்தும் கருவி. தோட்டாவின் அடிப்பாகத்தில் பொட்டுப் போல ஒட்டியிருக்கும் சின்ன உலோகக் கிண்ணம்தான் பிரைமர். அதற்குள் இருப்பது தட்டினாலே வெடிக்கும் மருந்து. ஸ்காட்லாந்தின் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபார்சைத் 1807ல் இந்தத் தத்துவத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பு சிக்கிமுக்கிக் கல்லின் பொறியை நம்பித்தான் துப்பாக்கி இருந்தது. பிரைமரைக் குழிக்குள் நேராக, அடிவரை, ஆனால் அடிக்காமல் அழுத்த வேண்டும். மேலே துருத்திக்கொண்டிருந்தால் துப்பாக்கிக்குள் ஏற்றும்போதே வெடிக்கலாம். சாய்ந்துபோனால் வெடிக்காமலே போகலாம். அனுபவசாலிகள் பலர் மேஜையில் பொருத்திய பெரிய இயந்திரத்தைவிடக் கையால் அழுத்தும் சின்னக் கருவியை விரும்புவதற்குக் காரணம் இதுதான். நெம்புகோல் நீளமாக நீளமாகக் கையில் உணர்ச்சி குறையும். பிரைமர் அடியைத் தொட்டதை விரல் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, மருந்து அளக்கும் கருவி. படி போட்டு அரிசி அளப்பதுபோல இது கொள்ளளவைத்தான் அளக்கிறது, எடையை அல்ல. மேலே குப்பியில் மருந்து. கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே உருளையின் குழி நிரம்பி, கீழே கூட்டுக்குள் கொட்டும். சிக்கல் என்னவென்றால், மருந்தின் துகள் பருமனாக இருந்தால் ஒரு தடவை நெருக்கமாக விழும், மறு தடவை இடைவெளி விட்டு விழும். படியைக் குலுக்கி அளந்தால் ஒரு கணக்கு, குலுக்காமல் அளந்தால் வேறு கணக்கு என்பது அரிசிக் கடைக்காரருக்குத் தெரியாததா? அதனால் அளக்கும் கருவியோடு தராசும் கட்டாயம். சில தோட்டாக்களுக்கு ஒருமுறை தராசில் வைத்துச் சரிபார்க்காதவர் ரீலோடிங் செய்யத் தகுதியற்றவர் என்பது அங்கே முதல் பாடம்.

தராசின் அலகு கிரெயின். ஒரு பவுண்டில் 7,000 கிரெயின். தானிய மணியிலிருந்து பிறந்த அளவு. நம் பொற்கொல்லர்களின் குன்றிமணி எடை ஏறக்குறைய 2 கிரெயின். கைத்துப்பாக்கித் தோட்டாவில் போகும் மருந்தே சில குன்றிமணிதான். இதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. புகையில்லா மருந்து பல தோட்டாக்களில் கூட்டின் பாதியைக்கூட நிரப்பாது. கவனம் சிதறி அதே கூட்டில் இரண்டாம் முறை கொட்டிவிட்டால் வழிந்து காட்டிக்கொடுக்காது, உள்ளே அடங்கிவிடும். வெடிக்கும்போது துப்பாக்கிக் குழல் பிளக்கும். சுடுபவரின் கண்ணோ விரலோ போகும். ஆகவே எந்தக் கருவியை வாங்கினாலும் மருந்து போட்ட ஒவ்வொரு கூட்டையும் விளக்கு வெளிச்சத்தில் எட்டிப் பார்ப்பதுதான் கடைசிப் பாதுகாப்பு.

சரி, திருவனந்தபுரத்தில் இதெல்லாம் யாருக்குத் தேவை? வட்டியூர்க்காவில் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்ட துப்பாக்கி சுடும் அரங்கம் இருக்கிறது. அங்கே பழகும் இளைஞர்களுக்குத் தேவையே இல்லை. .22 ரைபிள் தோட்டாவில் பிரைமர் தனியாக இல்லை. தீப்பற்றும் மருந்து அடி விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. ஊசி அடித்ததும் விளிம்பு நசுங்கிவிடும். மறுபடி நிரப்ப முடியாது. காற்றுத் துப்பாக்கிக்கோ மருந்தே வேண்டாம். 2008ல் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது காற்றுத் துப்பாக்கியில். 2024 பாரிஸில் இந்தியா சுட்டு வாங்கிய மூன்று வெண்கலங்களில் இரண்டு காற்றுக் கைத்துப்பாக்கியில் வந்தவை, மூன்றாவது.22 ரைபிளில்.

தேவை இருப்பது மலையோரத்தில். விதுரை, பாலோடு, பெரிங்ஙமலை பக்கம் மரவள்ளியும் வாழையும் போட்டவர்களுக்கு இரவில் காட்டுப் பன்றியோடுதான் போராட்டம். பன்றியைத் தொல்லை தரும் விலங்காக அறிவிக்கும்படி கேரளம் கேட்டது; மத்திய அரசு மறுத்தது. 2022 மே மாதம் மாநில அரசு வேறு வழி கண்டுபிடித்தது. பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. சுட வேண்டியவர்கள் உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்கள். உத்தரவு காகிதத்தில் சுலபமாக வந்துவிட்டது. துப்பாக்கிக்காரர்கள் குறைவு. இருப்பவர்களில் பலர் வயதானவர்கள். தோட்டா வாங்க ஆகும் செலவும் அலைச்சலும் தனி. தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டிவரும். பன்றிக்குத் தேர்தல் நடத்தை விதி தெரியாது.

இந்த நெருக்கடியில்தான் 'காலிக் கூட்டை நாமே நிரப்பினால் என்ன?' என்ற ஆசை பிறக்கும். அது சட்டத்துக்கு மட்டும் பயந்து விட வேண்டிய ஆசை அல்ல. பட்டாசு மருந்தைத் தோட்டாவில் போடுவது தற்கொலைக்குச் சமம். தோட்டா மருந்து சீராக எரியும்படி தயாரிக்கப்பட்டது; பட்டாசு மருந்து வெடிக்கும்படி தயாரிக்கப்பட்டது. இரண்டும் கறுப்பாக இருக்கலாம். குழலுக்கு வித்தியாசம் தெரியும். விவசாயியின் பக்கம் நிற்க நினைக்கும் அரசு அவருக்குத் தோட்டா சுலபமாகக் கிடைக்க வழிசெய்ய வேண்டும். அவர் திருட்டுத்தனமாக மேஜை போடும் நிலைக்குத் தள்ளக்கூடாது.

ஆனால் இந்த மாநிலத்தில் மருந்தைக் கையால் நிரப்பி, இடித்து, திரி வைக்கும் தொழில் பட்டப்பகலில் நடக்கத்தான் செய்கிறது. துப்பாக்கிக்காக அல்ல, தெய்வத்துக்காக. தமிழ்நாட்டில் அதிர்வேட்டு, கேரளத்தில் கதினா. இரும்புக் குழியில் கரிமருந்தைப் போட்டு, மேலே செங்கல் தூளையோ மண்ணையோ கெட்டித்து, காதில் கொஞ்சம் மருந்து வைத்துக் கொளுத்துவார்கள். சபரிமலைக்குப் போன தமிழர்களுக்கு வெடி வழிபாடு தெரியும். ரசீது வாங்கினால் ஒலிபெருக்கியில் அறிவிப்பு; பிறகு காது அடைக்கும் சத்தம். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு கூலித் தொழிலாளி குனிந்து உட்கார்ந்திருப்பது பக்தரின் கண்ணில் படுவதில்லை.

ரீலோடிங் மேஜையில் கற்கும் பாடங்கள் எல்லாம் அவருக்கும் பொருந்தும். அளவு எடையால் நிச்சயிக்கப்பட வேண்டும். நிரப்பும் இடத்தில் மருந்து மூட்டை இருக்கக்கூடாது. பொறி கிளப்பும் இரும்புக் கம்பியால் இடிக்கக்கூடாது. மரமோ பித்தளையோ வேண்டும். முந்தைய வெடியின் கனல் குழிக்குள் மிச்சமிருக்கும்போது புது மருந்து போடக்கூடாது. இதில் எதுவும் பெரிய விஞ்ஞானம் இல்லை. பெரிய செலவும் இல்லை. ஆனாலும் 2023 ஜனவரி 2ம் தேதி சபரிமலை மாளிகைப்புறத்தில் கதினா நிரப்பிக்கொண்டிருந்தபோது மருந்து வெடித்து மூன்று தொழிலாளிகள் தீக்காயமடைந்தார்கள். உயிர்ப்பலியும் நேர்ந்தது. அதே சபரிமலையில் 1952 ஜனவரியில் மகரவிளக்குக் காலத்து வெடி விபத்தில் 68 பேர் இறந்ததை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை போலும்.

சிறு விபத்துகளின் பாடத்தைப் படிக்காத ஊருக்குப் பெரிய விபத்து பாடம் நடத்தும். கொல்லம் மாவட்டம் பரவூர் புற்றிங்ஙல் கோயிலில் 2016 ஏப்ரல் 10 அதிகாலையில் அது நடந்தது. மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்திருந்தது. வாணவேடிக்கை நடந்தது. பொறி மருந்துக் கிடங்கில் விழுந்தது. 100 பேருக்கு மேல் இறந்தார்கள். காயமடைந்தவர்களைச் சுமந்த ஆம்புலன்ஸ்கள் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வாசலில் வரிசைகட்டின. இரண்டே நாளில் உயர் நீதிமன்றம், சூரிய அஸ்தமனத்திலிருந்து உதயம்வரை பெருஞ்சத்தம் போடும் வெடிகளுக்குத் தடை விதித்தது. குளோரேட்டையும் கந்தகத்தையும் பட்டாசில் சேர்க்கக்கூடாது என்ற மத்திய அரசின் தடையோ 1992லிருந்தே இருக்கிறது. விதிகள் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2024 அக்டோபரில் நீலேஸ்வரம் தெய்யக் காவில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 150 பேருக்கு மேல் காயம்பட்டபோதும் குறை அதேதான்: கூட்டத்துக்குப் பக்கத்திலேயே மருந்து.

வீட்டு மாடியில் ஒருவர் மருந்து அளக்கும் கருவி வைத்தால் ஆயுள் சிறைவரை பேசும் அரசு, கோயில் மதிலோரம் மூட்டை அவிழ்ப்பவர் எதைக்கொண்டு அளக்கிறார் என்று கேட்பதில்லை. கேட்டால் பக்தியில் தலையிட்டதாகிவிடும் என்ற பயம். உண்மையில் கேட்க வேண்டியவர்கள் பக்தர்களும் தேவஸ்வங்களும்தான். வெடி வழிபாட்டுக்கு வசூலாகும் பணத்தில் ஒரு தராசும், பித்தளைக் கரண்டியும், மரக் கோலும், தீப்பிடிக்காத உடுப்பும் வாங்கிக் கொடுத்துவிடலாம். நிரப்புவதற்குப் பயிற்சியும் சான்றிதழும் கட்டாயமாக்கலாம். வழிபாட்டை நிறுத்தச் சொல்லும் கோரிக்கை அல்ல இது.

நிறுத்தினாலும் தெய்வத்துக்குக் குறை வராது என்பதற்குத் திருவனந்தபுரத்திலேயே சாட்சி உண்டு. பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனி, ஐப்பசித் திருவிழாக்களில் பள்ளிவேட்டை நடக்கும். அரச குடும்பத் தலைவர் நடந்துவந்து இளநீரில் அம்பு தொடுப்பார். போகும் வழியெல்லாம் வாத்தியம்கூடக் கிடையாது. அவ்வளவு நிசப்தம். வேட்டை முடிந்தபின்தான் சத்தம். சாமி அந்த நிசப்தத்தைக் குறையாக எடுத்துக்கொண்டதாக யாரும் சொன்னதில்லை.

சத்தம் வேண்டும் என்பவர்கள் அதை வைத்துக்கொள்ளட்டும். ஆனால் ரசீது கிழிக்கும் கை, மருந்தை அளக்கும் கைக்கும் பொறுப்பேற்க வேண்டும்.