இந்தத் தரம் ஏன் வந்தது?

பழைய பேஸ்பால் அட்டைகளை வாங்கி விற்கும் நம்மிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. பிளாஸ்டிக் கூட்டின் உச்சியில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குப் பணம் கொடுப்பதா, உள்ளே இருக்கும் அட்டையின் தோற்றப்பொலிவுக்குக் கொடுப்பதா? ‘அட்டையை வாங்கு, கூட்டை வாங்காதே’ என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்கிறோம். ஏலம் தொடங்கியதும் எண்ணைப் பார்த்துத்தான் விலை கேட்கிறோம்.

எங்கள் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 1 முதல் 5 வரையான தரங்களில் பொலிவுக்கே பணம் கொடுக்க வேண்டும். 8-லிருந்து மேலே போனால் எண்தான் விலையைத் தீர்மானிக்கிறது. அங்கே பொலிவு ஒரே எண்ணுள்ள இரண்டு அட்டைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உதவும், அவ்வளவுதான். நடுவில் இருக்கும் 6-லும் 7-லும்தான் நிதானம் அதிகம் தேவை. எந்தப் படியில் நின்றாலும், காசை எடுக்கும் முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: இந்த அட்டைக்கு இந்தத் தரம் ஏன் வந்தது?

தரமிடுவது எப்படி நடக்கிறது என்பதை நினைவில் வைத்தால் இந்தக் கேள்வியின் கனம் புரியும். பிஎஸ்ஏ நிறுவனம் 1991-ல் இந்த வேலையைத் தொடங்கியது. எஸ்ஜிசி 1998-லும் பெக்கெட்டின் தரமிடும் பிரிவு அடுத்த ஆண்டும் வந்தன. 1 முதல் 10 வரையான அளவுகோல்தான் இன்று பொது மொழி. அந்த எண் அட்டையின் எல்லாக் குணங்களையும் கூட்டி எடுத்த சராசரி கிடையாது. பெரும்பாலும் அட்டையில் உள்ள மிக மோசமான ஒரு குறைதான் எண்ணைக் கீழே இழுக்கிறது. நான்கு பாடத்தில் தொண்ணூறும் ஒரு பாடத்தில் முப்பதும் வாங்கிய பையனுக்கும், எல்லாவற்றிலும் முப்பது வாங்கியவனுக்கும் ‘ஃபெயில்’ என்ற ஒரே சொல் விழுவதைப் போன்ற ஏற்பாடு இது.

பிஎஸ்ஏவின் 5-ஐயே எடுத்துக்கொள்வோம். முன்பக்கச் சென்டரிங் 85-க்கு 15 வரை சாய்ந்திருக்கலாம் என்று அதன் விதி இடம் கொடுக்கிறது. அதாவது படம் ஒரு பக்கமாக ஒதுங்கி, ஒரு கரை அகலமாகவும் எதிர்க்கரை நூல்போலவும் இருக்கும் அட்டையும் 5 வாங்கலாம். படம் நட்டநடுவில் நின்று, நிறம் துளியும் மங்காமல், நான்கு முனைகள் மட்டும் லேசாக மழுங்கிய அட்டையும் 5 வாங்கலாம். 1955 டாப்ஸ் கிளெமென்டேயில் இந்த இரண்டு வகையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அவை ஒரே பொருள் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. விலைப்பட்டியலோ இரண்டுக்கும் ஒரே வரியைத்தான் ஒதுக்குகிறது. நாம் சம்பாதிக்க வேண்டிய இடைவெளி அந்த ஒரே வரிக்குள் இருக்கிறது.

மூன்றாவது வகையும் உண்டு. கூட்டைக் கையில் வாங்கிப் பார்த்தால் 8 என்று சத்தியம் செய்யலாம் போலிருக்கும். சீட்டிலோ 4 என்றிருக்கும். பின்பக்கத்தில், விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும் ஒரு மெல்லிய சுருக்கம். கீழ்த்தரங்களில் வாங்குவோருக்கு இதைவிடச் சிறந்த பேரம் அரிது. குறை கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. அதற்கான தள்ளுபடி மட்டும் முழுதாகக் கிடைக்கிறது.

டி206 தொகுப்பில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 1909 முதல் 1911 வரை அமெரிக்கப் புகையிலை நிறுவனம் சிகரெட் பெட்டிகளில் வைத்துக் கொடுத்த அட்டைகள் அவை. சிறுவர்கள் அவற்றைப் பசை தடவி ஆல்பத்தில் ஒட்டினார்கள். பிற்காலத்தில் யாரோ உரித்தெடுத்தபோது பின்பக்கத் தாள் கொஞ்சம் ஆல்பத்தோடே போய்விட்டது. விளைவு: முன்பக்கம் நூறாண்டு வெளிச்சமே படாததால் நிறம் அப்படியே இருக்க, தரம் 1 அல்லது 2. பாக்கெட்டில் கிடந்து, சட்டையோடு துவைபட்டு, முகமே அழிந்த அட்டைக்கும் அதே 1. டி206 காப்-ஐ முகத்துக்காக வாங்குகிறவர் முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை எடுத்தால் அவருக்குச் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை.

ஆனால் இதே தொகுப்பில்தான் நம் விதி தலைகீழாவதும். டி206-ஐ முன்பக்கத்துக்காக மட்டும் சேகரிப்பதில்லை. பீட்மான்ட், ஸ்வீட் கேபோரல் போன்ற விளம்பரங்கள் பின்பக்கத்தில் மலிந்து கிடக்கின்றன; டிரம், உஸிட், பிராட் லீஃப் 460 போன்றவை அரியவை. அரிய பின்பக்கத்துக்காகப் பல மடங்கு கொடுப்பவருக்கு அட்டையின் முகம் பின்னால்தான் இருக்கிறது. அங்கே தாள் உரிந்திருந்தால் முன்பக்கம் எவ்வளவு ஒளிர்ந்தாலும் அது பொலிவாகாது. எதற்காக வாங்குகிறோம் என்பது தெளிவாக இருந்தால்தான் குறை எங்கே இருந்தால் பொறுக்கலாம் என்பதும் தெளிவாகும்.

ஒவ்வொரு தொகுப்புக்கும் பொலிவு ஒவ்வோர் இடத்தில் ஒளிந்திருக்கிறது. 1948-49 லீஃப் அட்டைகளில் அச்சுதான் முதல் எதிரி. நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல், ஜாக்கி ராபின்சனின் முகம் நிழலடித்ததுபோல் தெரியும். முனைகள் கூராக இருந்து அச்சு கலங்கிய லீஃப் ராபின்சனைவிட, முனை மழுங்கி அச்சு தெளிந்த ஒன்றையே நாங்கள் எடுப்போம், தரம் ஒரு புள்ளி குறைந்தாலும். 1914 கிராக்கர் ஜாக் அட்டைகள் இனிப்புப் பாகு பூசிய பொரியோடு ஒரே பெட்டியில் கிடந்தவை. கறையில்லாதது கிடைப்பதே கஷ்டம். 1915-ல் முழுத் தொகுப்பையும் தபாலில் பெறும் வழி இருந்ததால் சுத்தமான அட்டைகள் நிறையவே மிஞ்சின. ஆகவே 1914-ல் லேசான கறையை மன்னிக்கலாம், 1915-ல் மன்னிக்கத் தேவையில்லை. 1971 டாப்ஸின் கறுப்புக் கரையில் சிறு உராய்வும் வெள்ளையாகப் பல்லைக் காட்டும். அங்கே குறையும் தோற்றமும் ஒன்றாகவே நடப்பதால் எண்ணை அதிகம் நம்பலாம். அந்த வெள்ளையைக் கறுப்பு மை தொட்டு மறைக்கும் கைவரிசையும் அதே தொகுப்பில்தான் அதிகம் என்பதையும் மறக்கக் கூடாது.

எங்கள் சொந்த வரிசை இது: முதலில் நிறமும் அச்சுத் தெளிவும், அடுத்துச் சென்டரிங், அதன்பின் முகத்தின் குறுக்கே மடிப்பு இல்லாமை, கடைசியில் முனைகள். அறுபது எழுபது ஆண்டுப் பழைய அட்டையின் முனை மழுங்கியிருப்பது அதன் வயதுக்கு அழகு. தரமிடுவோர் முனைகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாக வேண்டும். நாம் கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கிறோம்.

இனி எச்சரிக்கை. தரத்துக்கு மீறிய அழகு எப்போதும் ஒரு காரணத்தோடுதான் வரும். சில சமயம் அந்தக் காரணம் பின்பக்கச் சுருக்கம். சில சமயம் கத்தரிக்கோல். இதற்கு உலகப் புகழ்பெற்ற சான்று ஹோனஸ் வாக்னரின் டி206. வெய்ன் கிரெட்ஸ்கியும் புரூஸ் மெக்நாலும் சேர்ந்து 1991-ல் 4,51,000 டாலருக்கு எடுத்த அந்த அட்டைதான் பிஎஸ்ஏ முதன்முதலில் தரமிட்டது. கொடுத்த தரம் 8. வேறெந்த வாக்னரிலும் காணாத கூர்மையும் நேர்த்தியும் அதில் இருந்தன. 2007-ல் அது 28 லட்சம் டாலருக்குக் கை மாறியது. அதன் ஓரங்களை வெட்டியது தானே என்று ஏல வணிகர் பில் மாஸ்ட்ரோ 2013-ல் சிகாகோ நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். எண்ணும் பொலிவும் ஒரே அட்டையில் ஒரே குரலில் பொய் சொல்லின. ஒன்றை நம்பாதவர் இன்னொன்றை நம்பியிருந்தாலும் தப்பியிருக்க முடியாது. ஆல்பத்திலிருந்து உரித்த அட்டையில் கறை நீக்குவது, மடிப்பை அழுத்தி மறைப்பது, கரையைச் சீவி முனையைக் கூராக்குவது எல்லாம் கூட்டுக்குள் நுழைந்துவிட்டன என்பதை, பழைய ஏலப் படங்களையும் புதிய படங்களையும் ஒப்பிட்டு 2019-ல் சேகரிப்பாளர்களே வெளிக்கொணர்ந்தார்கள்.

ஆகவே அளவு பாருங்கள். 1957 முதல் வந்த டாப்ஸ் இரண்டரைக்கு மூன்றரை அங்குலம். 1952 முதல் 1956 வரை அதைவிடப் பெரியது. கூட்டுக்குள் அட்டை ஒரு பக்கம் தளர்ந்து ஆடினால் காரணம் தேடுங்கள். அந்த அட்டையின் பழைய விற்பனைப் படங்களைத் தேடி எடுங்கள். ஸ்கேனர் படத்தில் சுருக்கம் பெரும்பாலும் தெரியாது. மேடுபள்ளம் அதில் மறைந்துவிடும். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள். தர மறுக்கும் விற்பனையாளருக்கு என்ன காரணமோ இருக்கலாம், அதை உங்கள் பணத்தில் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

உயர் தரங்களின் கதை வேறு. 1952 டாப்ஸின் முதல் எண் அட்டை ஆண்டி பாஃப்கோ. பெரிய நட்சத்திரம் இல்லை. ஆனால் அடுக்கின் மேலே இருந்ததால் ரப்பர் வளையத்தின் கடியெல்லாம் அவர் மேல்தான் விழுந்தது. குறையற்ற பாஃப்கோ அபூர்வம் என்பதால் பிஎஸ்ஏ 10 வாங்கிய ஒன்று 1998-ல் 80,000 டாலருக்கு மேல் போயிற்று. அங்கே வாங்கியது நிலையின் அபூர்வத்தை. அதை எண்ணைத் தவிர வேறெதாலும் சொல்ல முடியாது. அதே தொகுப்பின் மிக்கி மான்டில், எஸ்ஜிசி 9.5, 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலரைத் தொட்டது. பிஎஸ்ஏவின் செட் ரெஜிஸ்ட்ரியில் போட்டியிடுவோருக்கும் எண்தான் கணக்கு. அழகான 8-க்கும் அழகற்ற 8-க்கும் அங்கே ஒரே புள்ளி. அவர்கள் எண்ணைத் துரத்துவதைக் கேலி செய்ய வேண்டாம். அவர்கள் ஆடும் ஆட்டத்தின் விதி அது.

மிச்சமிருப்பது 6-ம் 7-ம். இங்கே விலை ஏறத் தொடங்கிவிடும், ஆனால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கூட்டை உடைத்து மறுபடி அனுப்பினால் அரைப் புள்ளியோ ஒரு புள்ளியோ மாறி வருவது தொழிலில் எல்லாரும் அறிந்தது. 2008-ல் பிஎஸ்ஏ அரைப் புள்ளிகளைக் கொண்டுவந்தபின் படிகள் இன்னும் நெருக்கமாகிவிட்டன. தரமிடுபவரே அடுத்த முறை மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு படிக்காக ஐம்பது சதவீதம் அதிகம் கொடுப்பதில் எங்களுக்குச் சம்மதமில்லை. பொலிவான 6 கிடைத்தால் சாதாரண 7-ஐ விட்டுவிடுங்கள். 8 என்ற எண்ணின் பக்கத்தில் சென்டரிங் பிழை, கறை போன்ற குறிப்பு எழுத்து ஒட்டியிருக்கும் அட்டைகளையும் சந்தை வெறுக்கிறது. அவற்றில் பின்பக்கத்து மெழுகுக் கறைக்காகக் குறி வாங்கியவற்றை நாங்கள் விரும்பியே பார்ப்போம். படம் ஒதுங்கியதற்காகக் குறி வாங்கியவற்றை அந்த வெறுப்புக்கே விட்டுவிடுவோம்.

பொலிவுக்கு எவ்வளவு கூடுதல் கொடுக்கலாம்? சாதாரணமாக நாங்கள் போடும் எல்லை, அடுத்த தரத்தின் சராசரி விலை. அதைத் தொட்டுவிட்டால் அடுத்த தரத்திலேயே ஒரு நல்ல அட்டைக்குக் காத்திருப்பது மேல். ஏனென்றால் நாளை நீங்கள் விற்கும்போது, வாங்குபவர் தேடுபொறியில் முதலில் தட்டுவது பெயரையும் எண்ணையும்தான். உங்கள் அட்டையின் அழகை அவர் பார்க்கும் முன் எண் அவரைப் பார்த்துவிடும். அரிய அட்டைகளுக்கு மட்டும் இந்த எல்லை பொருந்தாது. எஸ்ஜிசி 3 வாங்கிய ஒரு வாக்னர் 2021-ல் 66 லட்சம் டாலருக்குச் சற்று மேல் போயிற்று. அடுத்த ஆண்டு 2 வாங்கிய இன்னொரு வாக்னர் தனி விற்பனையில் 72.5 லட்சத்துக்குப் போயிற்று. ஓராண்டில் சந்தை மாறியிருக்கும் என்பதைக் கழித்துவிட்டாலும், அந்த உயரத்தில் ஒரு புள்ளி யாரையும் தடுக்கவில்லை என்பது தெரிகிறது.

பொலிவையும் இப்போது சான்றிதழாக விற்கிறார்கள். நாணயச் சேகரிப்பில் 2007-ல் சிஏசி தொடங்கிய வழக்கத்தைப் பின்பற்றி, தரமிட்ட கூட்டின் மேல் ‘இது இந்தத் தரத்தில் மேலானது’ என்று இன்னொரு ஸ்டிக்கர். அதில் தப்பில்லை, இரண்டாவது ஜோடிக் கண் எப்போதும் நல்லதே. அந்த ஸ்டிக்கரும் ஒரு எண்ணாக மாறி, அதற்கும் ஒரு விலைப்பட்டியல் வந்துவிடும் என்பதுதான் நம் கவலை.

ஏலப் பட்டியல் எழுதும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘தரத்துக்கு மிஞ்சிய அழகு’ என்று ஒவ்வொரு அட்டைக்கும் எழுதுகிறீர்கள். அதோடு, தரம் குறைந்ததற்கான காரணத்தையும் ஒரு வரி எழுதுங்கள்: பின்பக்கம் இடது கீழே சுருக்கம், மேல் கரையில் ஊசித்துளை, பின்னால் தாள் உரிவு. பின்பக்கத்தையும் முன்பக்கத்தின் அளவிலேயே படம் எடுத்துப் போடுங்கள். வாங்குவோரே, அந்த ஒரு வரி இல்லாத அட்டைக்கு விலை கேட்கும் முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.