கோல் போட்ட காலை மறப்பார்களா?

சென்னையின் எப்.சி. கால்பந்து அணி, மிசோரம் வீரர் ஜெஜெ லால்பெக்லுவாவை 2020-ல் வழியனுப்பியது. ஆண்டுகள் ஓடியும் ரசிகர் மனசு ஆறவில்லை. ஏன்?

2015, 2018 என இரண்டு கோப்பை வென்ற அணியில் ஆடியவர். 2018 அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக 2 கோல் போட்டு நேரு ஸ்டேடியத்தையே அதிர வைத்தவர். முழங்கால் காயம் 2019-20 சீசனையே விழுங்கியது. அடுத்து ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். 2023-ல் மிசோரம் எம்.எல்.ஏ.வும் ஆனார்.

ஆடாதவருக்குச் சம்பளமா என்பது அணியின் கணக்கு. ரசிகன் போடுவது நன்றிக் கணக்கு. இரண்டும் ஒத்துப்போகாது.

முதலியார்பேட்டைக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஏ.எப்.டி. மில்லை இழுத்து மூடியதும் அதே 2020-ல்தான். அங்கே உழைத்தவர்களை ஊர் மறந்தா போச்சு?