எண்ணெய் விலைக்குக் கடிவாளம் வேண்டும்

வட அயர்லாந்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு வீடுகள் குளிர்காலத்தில் வெப்பமூட்ட, கொல்லைப்புறத் தொட்டியில் நிரப்பும் மண்ணெண்ணெயையே நம்பியுள்ளன. மின்சாரம், எரிவாயு விலைகளை ஒழுங்குமுறை ஆணையம் கண்காணிக்கிறது. எண்ணெய்க்கு அந்தக் காவல் இல்லை. உக்ரைன் போர் தொடங்கியதும், 2022 மார்ச்சில் விலை தாறுமாறாக ஏறியது. பழைய விலைக்கு வாங்கிய இருப்பைப் புதிய விலைக்கு விற்பது கொள்ளை என்பது மக்கள் குற்றச்சாட்டு. அடுத்த சரக்குக்குக் கூடுதல் பணம் வேண்டுமே என்பது வணிகர் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் சந்தை இறங்கும்போதும் அதே வேகத்தில் விலையைக் குறைத்தால்தான் அது எடுபடும். மொத்தமாக 500 லிட்டர் வாங்க வழியற்ற ஏழைகள், 20 லிட்டர் கேன்களில் லிட்டருக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். இது பெரும் அநீதி. எண்ணெயையும் ஆணையத்தின் வரம்புக்குள் அரசு உடனே கொண்டுவர வேண்டும்.