பிஸ்கட் இல்லாமலும் நாய் பேச்சைக் கேட்கும்

அமெரிக்காவின் தென் கரோலினாவில் வாழ்ந்த சேசர் என்ற பார்டர் கோலி நாய்க்கு 1022 பொம்மைகளின் பெயர்கள் தெரியும். பெயரைச் சொன்னால் குவியலில் தேடி அதையே கவ்வி வரும். ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் ஜான் பில்லி மூன்று ஆண்டுகள் விடாமல் பழக்கியதன் பலன் அது. 2011இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வந்தது. பரிசாக அவர் தின்பண்டம் கொடுக்கவில்லை. பாராட்டினார், தடவிக்கொடுத்தார், கொண்டுவந்த பொம்மையை வைத்தே விளையாடினார்.

நம் வீடுகளில் பிஸ்கட் பாக்கெட் சரசரத்தால் ஓடிவந்து உட்காரும் நாய், வெறுங்கையோடு கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கேட்டைத் தாண்டி லாரி வரும் சாலைக்கு அது பாய்ந்தால் பிஸ்கட் தேட நேரம் ஏது?

பிஸ்கட் வேண்டாம் என்றதும் சிலர் கம்பை எடுக்கிறார்கள். அது பெருந்தவறு. அடிவாங்கிய நாய் கைக்கெட்டும் தூரத்தில் மட்டும் அடங்கும். தள்ளி நின்றால் அருகே வரவே அஞ்சும். விலங்கை அடித்து வதைப்பது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

வேல்ஸ் நாட்டு மேய்ப்பர்களிடம் நல்ல வழி இருக்கிறது. அங்கே பாலா என்ற ஊரில் 1873லேயே மேய்ச்சல் நாய்களுக்குப் போட்டி நடந்தது. மேய்ப்பர் ஒரு சீழ்க்கை அடித்தால், எங்கோ மேட்டில் ஓடும் நாய் அப்படியே படுத்துவிடும். படுத்தால்தான் மறுபடி மந்தையை வளைக்க அனுமதி. அந்த நாய்க்கு அதைவிடப் பெரிய பரிசு கிடையாது. ஏங்கும் காரியத்தையே கூலியாக்கும் இந்த முறையின் அடிப்படையைத்தான் உளவியலாளர் டேவிட் பிரிமாக் 1959இல் விளக்கினார்.

நகரத்து நாய்க்கு மந்தை இல்லாவிட்டாலும் கேட், பந்து, மாலை நடை உண்டு. ‘இரு’ என்று ஒரே முறை சொல்லிவிட்டுக் கேட்டைத் திறக்க வேண்டும். பாய்ந்தால் மூடிவிடலாம். பொறுத்திருந்தால் உடனே வெளியே அழைத்துப் போகலாம். ‘வா’ என்று கூப்பிடுவது குளிப்பாட்டவும் கட்டிப்போடவும் மட்டுமே என்றானால் எந்த நாயும் வராது. வந்ததும் தடவிக்கொடுத்து, பெரும்பாலும் மறுபடி விளையாட விட்டுவிட வேண்டும். முதலில் அமைதியான முற்றத்தில், பிறகு நீளக் கயிற்றோடு தெருவில். குட்டிக்குத் தொடக்கத்தில் தீனி கொடுப்பதில் தவறில்லை. பழகப் பழகக் குறைத்தால் போதும்.

இன்னொன்று. அப்பா ‘வா’ என்றும் பிள்ளை ‘கம்’ என்றும் கூப்பிட்டால் நாய் குழம்பும். குடும்பமாகப் பேசி, ஒரே சொல்லை இன்றே முடிவுசெய்யுங்கள்.