இறகுப்பந்தும் பத்தொன்பதாம் அகவையும்

ஆசிய இறகுப்பந்து முதன்மைப் போட்டியின் வரலாற்றைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் வென்றார் பெயரும் பெற்ற பதக்கமும் அடங்கிய அட்டவணை ஒன்றை நம்முன் விரித்து வைத்து அமைவர். அவ்வட்டவணை வேண்டாவென்பது எம் கருத்தன்று. ஆயினும், அதனைப் படித்து முடித்த பின்னரும், மூத்தோர்க்கு ஒரு போட்டியும் இளையோர்க்கு மற்றொரு போட்டியுமாக இஃது இரண்டாகக் கிளைத்தது எற்றுக்கு, அக்கிளைகளுக்குள் உறவு யாது என்னும் வினாக்கள் விடையின்றியே நிற்கின்றன. இளையோர் போட்டியின் செய்தியை நாளிதழ்கள் ஒரு மூலையில் நான்கு வரிகளில் முடித்துவிடுகின்றன. மூத்தோர் போட்டிக்கு அது வெறும் முன்னுரை என்பது பலர் எண்ணம். அவ்வெண்ணம் பிழையென்பதும், இவ்வாட்ட வரலாற்றின் உயிர்நிலை இளையோர் பக்கத்திலேயே இருக்கின்றதென்பதும் எம் துணிபு. இளையோர் போட்டிக்குரிய வயதெல்லையை இவ்வாண்டு கடந்தோருள் யாமும் ஒருவராதலின், இதுபற்றிச் சொல்ல எமக்குச் சிறிது உரிமையும் உண்டு.

ஆசிய இறகுப்பந்துக் கூட்டமைப்பு 1959 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. முதற்போட்டி 1962 இல் கோலாலம்பூரில் நிகழ்ந்தது. ஆடவர் ஒற்றையரில் மலாயாவின் டே கியூ சான் முதன்மை எய்தினார். போட்டி அந்நாட்டில் தொடங்கியது பொருத்தமே. உலக ஆடவர் குழுக்களுக்குரிய தாமஸ் கிண்ணத்தை மலாயா 1949, 1952, 1955 என முதல் மூன்று முறையும் கைப்பற்றியிருந்தது. 1958 இல் இந்தோனேசியா அதனைப் பறித்துக்கொண்டது. மேனாட்டார் மாளிகைகளில் வளர்ந்த ஓர் ஆட்டம் அதற்குள் கீழ்நாட்டார் உடைமையாகிவிட்டது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இரண்டாம் போட்டி 1965 இல் நம் நாட்டு இலக்னோ நகரில் நடைபெற்றது. பஞ்சாபைச் சேர்ந்த தினேஷ் கன்னா, அப்பொழுது 22 வயதினர், இறுதியாட்டத்தில் தாய்லாந்தின் சங்கோப் ரத்தனுசோர்ன் என்பாரை வென்று ஆசிய முதல்வரானார். அருச்சுனா விருதும் அவ்வாண்டே அவரை அடைந்தது. இச்செய்தியை அறிந்தோர் பலர். அதே 1965 இல் ஆசிய இளையோர் முதன்மையையும் இந்தியச் சிறுவரொருவரே பெற்றார் என்பதை அறிந்தோர் மிகச் சிலர். அவர் பெயர் கௌதம் தாக்கர். மூத்தோர் முடியும் இளையோர் முடியும் ஒரே ஆண்டில் ஒரே நாட்டில் வந்து தங்கின. இத்தகைய விளைச்சலுக்குப் பின் களஞ்சியம் நிறைந்திருக்கவேண்டுமன்றோ? நிகழ்ந்ததோ வேறு. ஆசியப் போட்டியில் இந்தியர் மீண்டும் ஒரு பொற்பதக்கம் காண 58 ஆண்டுகள் காத்திருக்கவேண்டியதாயிற்று.

இதற்குக் காரணம் ஆடுவோர் சோம்பலென்று கூறுதல் எளிது, முறையன்று. போட்டிகளின் காலத்தை நோக்குக. இலக்னோவுக்குப் பின் 1969 இல் மணிலா, 1971 இல் ஜகார்த்தா, 1976 இல் ஐதராபாத்து, 1983 இல் கல்கத்தா. ஐதராபாத்தில் 16 வயதுச் சிறுவனாக வேலியருகே நின்று கண்டு களித்தவன், அடுத்த போட்டிக்குக் காத்திருப்பின் 23 வயதினன் ஆகிவிடுவான். அவ்வேழாண்டும் அவனுக்கென ஏணி ஒன்றும் இல்லை. ஜகார்த்தாவில் தீபு கோஷ், ராமன் கோஷ் என்னும் உடன்பிறந்தார் இரட்டையரில் வெண்கலம் பெற்றனர்; ஐதராபாத்தில் பிரகாஷ் படுகோன் ஒற்றையரில் வெண்கலம் பெற்றார். இவை தனித்தனி மனிதரின் ஆற்றலால் வந்தவையேயன்றி, ஒருவரை அடுத்து ஒருவரென வழிவழி வந்தவையல்ல. 1991 முதல்தான் மூத்தோர் போட்டி ஆண்டுதோறும் நிகழும் வழக்கம் ஏற்பட்டது.

நிற்க. இளையோர் போட்டி தனியாக அமைந்தது 1997 இல், மணிலா நகரில். 19 வயது நிரம்பாதோர்க்கே அதில் இடமுண்டு. பிறந்த ஆண்டைக் கொண்டே கணக்கிடுவதால், 19 ஆம் வயது வந்தெய்தும் ஆண்டின் தொடக்கத்திலேயே கதவு அடைபட்டுவிடும். இப்போட்டியின் பயனை விளக்க இரண்டு இறுதியாட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, 2012 இல் கொரியாவின் கிம்சியோன் நகரில் நிகழ்ந்தது. ஐதராபாத்து நங்கை பி. வி. சிந்துவும் சப்பானிய நங்கை நோசோமி ஒக்குஹாராவும் எதிர்நின்றனர். இருவரும் 1995 இல் பிறந்தோர். இருவர்க்கும் வயது 17. முதற் சுற்றை இழந்த சிந்து, 18–21, 21–17, 22–20 என மூன்றாவதில் நூலிழை வேறுபாட்டில் வென்றார். செய்தி அவ்வளவில் முடிந்திருப்பின் நான்கு வரி போதும். ஆனால் ஐந்தாண்டு கழித்து, 2017 இல், கிளாஸ்கோ நகரில் உலக முதன்மைக்கான இறுதியாட்டத்தில் அதே இருவர் சந்தித்தனர். 110 நிமிடம் நீண்ட அவ்வாட்டத்தில் 19–21, 22–20, 20–22 என ஒக்குஹாராவிடம் சிந்து தோற்றார். மீண்டும் 2019 இல் பேசல் நகரில் அதே மேடை, அதே இருவர். இம்முறை சிந்து 21–7, 21–7 என வென்று உலக முதல்வரானார். கிம்சியோனில் தொடங்கிய உரையாடலன்றோ இது? கிளாஸ்கோவில் நம் நாட்டார் கண்ணீர் விட்டனர். எமக்கோ, அவ்விருவருள் ஒருவர் இல்லையேல் மற்றவர் அத்துணை உயர்ந்திரார் என்றே தோன்றுகின்றது.

இரண்டாவது, 2018 இல் ஜகார்த்தாவில் நிகழ்ந்தது. இலக்ஷ்ய சென்னும் தாய்லாந்தின் குன்லவுத் விதித்சர்ன் என்பாரும் பொருதனர். இவர்களும் ஒரே ஆண்டில், 2001 இல், பிறந்தோரே. குன்லவுத் அப்பொழுது உலக இளையோர் முதல்வர். இலக்ஷ்ய சென் 21–19, 21–18 என வென்றார். கௌதம் தாக்கருக்குப் பின் 53 ஆண்டு கழிந்து இம்முதன்மை இந்தியச் சிறுவரொருவர்க்கு வாய்த்தது. தோற்ற குன்லவுத் வாளாவிருந்தாரில்லை. 2023 இல் உலக முதல்வரானார். 2024 இல் பாரிசு ஒலிம்பிக்கில் வெள்ளி பெற்றார். 2025 இல் நிங்போவில் மூத்தோருக்குரிய ஆசிய முதன்மையையே எய்தினார். இளமையில் பெற்ற தோல்வி ஒருவனை எங்ஙனம் உருவாக்குமென்பதற்கு இதைவிட நல்ல சான்று யாம் அறியோம். ஆகவே, இளையோர் பதக்கத்தை வருங்காலம் கூறும் சோதிடமாகக் கொள்ளுதல் தவறு. தன்னோடொத்த எதிரியை 20 வயதுக்குள் கண்டறியும் வாய்ப்பே அப்போட்டி தரும் பெருஞ்செல்வம்.

இனி, இவ்விருவர்க்கும் ஆசிரியர் யாவர் என்பதையும் நோக்கவேண்டும். 1976 இல் வெண்கலத்தோடு திரும்பிய படுகோன், 1994 இல் பெங்களூரில் ஒரு பயிற்சிக்கழகத்தை ஏற்படுத்தினார். அங்கு வளர்ந்தவர் இலக்ஷ்ய சென். 2000 இல் ஆசியப் போட்டியில் வெண்கலம் பெற்ற புல்லேல கோபிசந்து, தம் இல்லத்தை ஈடுவைத்தும் பொருள் திரட்டி 2008 இல் ஐதராபாத்தில் தம் கழகத்தைத் திறந்தார். அங்கு வளர்ந்தவர் சிந்து. மூத்தோர் போட்டியில் முடி தவறியோர் இருவர், இளையோர் போட்டியில் முடி சூடியோர் இருவர்க்கு ஆசிரியராயினர். பதக்க அட்டவணையில் இத்தொடர்பு காணப்படாது.

எம் கூற்றுக்கு ஒரு தடை நிகழக்கூடும். 2023 இல் துபாயில் மலேசியாவின் ஓங் யூ சின், தியோ ஈ யீ இருவரையும் 16–21, 21–17, 21–19 என வென்று 58 ஆண்டுப் பஞ்சத்தைத் தீர்த்த சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டியும் சிராக் ஷெட்டியும் ஆசிய இளையோர் முதன்மை பெற்றவரல்லரே என்பர். உண்மையே. ஆனால் அவர்கள் இணைந்த காலம் யாது? அமலாபுரத்துச் சாத்விக்கையும் மும்பைச் சிராக்கையும் சேர்த்து வைத்தவர் மலேசியப் பயிற்சியாளர் டான் கிம் ஹெர். 2016 இல் அவர்கள் இணைந்து ஆடினபொழுது ஒருவர்க்கு 16 வயது, மற்றவர்க்கு 19. ஒருவர் இளையோர் எல்லைக்குள் இருந்தார். மற்றவர் அதனை அவ்வாண்டே கடந்தார். மூத்தோனையும் இளையோனையும் ஒரே வலைக்கு ஒரே புறத்தில் நிறுத்தியதன் விளைவே துபாய்ப் பொற்பதக்கம். இதன் உடன்பிறப்பாகிய ஆசியக் குழுப்போட்டியிலும், 2024 இல் ஷா ஆலமில், தாய்லாந்தை 3–2 என வென்று இந்திய மகளிர் பொற்பதக்கம் பெற்ற நாளில், தீர்ப்பாட்டத்தை வென்று தந்தவர் 17 வயது அன்மோல் கர்ப். சிந்து முதலாட்டத்தைத் தந்தார். இளையவர் இறுதியாட்டத்தைத் தந்தார்.

இவ்வேணியின் படிகள் சில ஆண்டு முற்றும் இல்லாது போனதும் உண்டு. கொள்ளைநோயால் 2020, 2021, 2022 ஆகிய மூவாண்டும் ஆசிய இளையோர் போட்டி நிகழவில்லை. 2023 இல்தான் யோக்யகர்த்தாவில் மீண்டும் தொடங்கிற்று. மூத்தோர்க்கு அஃது இடையூறு மட்டுமே. அடுத்த ஆண்டு ஆடலாம். இளையோர்க்கோ போனது போனதுதான். நம் சென்னை வீரர் சங்கர் முத்துசாமி 2022 இல் ஸ்பெயின் நாட்டுச் சாந்தாந்தர் நகரில் உலக இளையோர் போட்டியில் வெள்ளி பெற்றார். உலகப் போட்டி நடந்தமையால் அவர் திறம் விளங்கிற்று. அத்தகைய வாய்ப்பின்றியே வயது கடந்தோர் எத்துணையரோ!

தமிழ்நாட்டில் இவ்வாட்டம் பிந்தியதற்கு வேறொரு காரணமும் உண்டு. நம் ஊர்களில் பாட்மிண்டன் என்று வழங்கியது நெடுங்காலமாகக் கம்பளிப் பந்தால் பக்கத்துக்கு ஐவராக ஆடும் பூப்பந்தே. அதற்கு வெட்டவெளி போதும். 16 இறகு செருகிய, 6 கிராமும் நிறையாத இறகுப்பந்துக்கோ காற்று பகை. நாற்புறமும் அடைத்த மண்டபம் வேண்டும். மலேசியாவில் பஞ்ச் குணாளன் என்னும் தமிழ்ப்பெயர் தாங்கிய வீரர் 1970 இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் ஒற்றையர் பொற்பதக்கம் பெற்றார் என்று பெருமை பேசுவோம். குணாளன்மார் இங்கும் பிறந்திருப்பர்; மண்டபந்தான் இருந்திராது.

நம் கல்லூரியில் மண்டபம் இருக்கின்றது. பிற்பகல் வகுப்பு முடிந்த பின் அதனை ஆளுவோர் மூன்றாமாண்டினரே. முதலாண்டு மாணவன் வலை கட்டவும் பந்து பொறுக்கவும் நிறுத்தப்படுகின்றான். 'அடுத்த ஆண்டு ஆடலாம், தம்பி' என்று அன்போடு தேற்றப்படுகின்றான். நம் கல்லூரிகள் பலவற்றிலும் இதுவே வழக்கு. 17 வயதில் கல்லூரி புகும் அம்மாணவன் இன்னும் இளையோர் எல்லைக்குள் இருக்கின்றான் என்பதையும், அவனுக்கு எஞ்சியிருப்பது ஓராண்டோ அதனினும் சற்று மிகுதியோ என்பதையும் எவரும் எண்ணுவதில்லை. அடுத்த ஆண்டு வரும்பொழுது கதவு அடைபட்டிருக்கும். படிப்புக் கெடும் என்று அஞ்சும் பெரியோர்க்கு யாம் கூறுவது இதுவே: மாலை இரண்டு மணி நேரம் பந்து பொறுக்குதலால் கெடாத படிப்பு, அதே நேரம் ஆடுதலால் கெட்டுவிடாது.

ஆதலின், வாரத்தில் மூன்று மாலை மண்டபத்தை முதலாண்டினர்க்கும், மதிலுக்கு அப்பாலுள்ள நம் உயர்நிலைப்பள்ளிச் சிறுவர்க்கும் விடுமாறு முதல்வரவர்களை வேண்டுகின்றோம். மூன்றாமாண்டு வீரர் அம்மாலைகளில் எதிர்நின்று ஆடிப் பழக்கட்டும். இறகுப்பந்து விரைவில் சிதைவது, விலையும் உடையது. ஒரு குழலில் 12 பந்துகளே இருக்கும். திங்கள்தோறும் சில குழல்கள் பழைய மாணவர் சங்கத்தார் அனுப்பி உதவலாம். உடற்பயிற்சி ஆசிரியரிடம் ஒன்றே கேட்கின்றோம்: வரும் ஆனித் திங்களில் கல்லூரி திறந்ததும் விளையாட்டுக்குப் பெயர் கொடுப்போரின் பட்டியலில், பெயருக்குப் பக்கத்தில் அவரவர் பிறந்த ஆண்டையும் குறித்துக்கொள்ளவேண்டும்.