விண்மீன் கூட்டங்களுக்கு இருண்ட இடம் தேடுதல்

பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் விண்மீன் காட்சிக் கூட்டங்கள் நடத்தும் வழக்கம் நம் நாட்டில் பெருகி வருகிறது. இக்கூட்டங்களை நடத்த முன்வருவோர் முதலில் விசாரிப்பது எத்தகைய தொலைநோக்கி வாங்கலாம் என்பதையே. எந்த இடத்தில் அதை நிறுத்துவது என்பதைக் கடைசியாகவே கேட்கின்றனர். இந்த வரிசை தலைகீழாக இருத்தல் வேண்டும் என்பது என் கருத்து. நகரத்து மாடியில் வைக்கப்பட்ட விலையுயர்ந்த கருவி காட்டாத பலவற்றை, நல்ல இருளில் வெறுங்கண்ணே காட்டிவிடும். சந்திரனையும் வியாழனையும் சனியின் வளையத்தையும் நகரத்திலிருந்தே காணலாம். பால்வீதியை அங்கிருந்து எந்தக் கருவியாலும் காண இயலாது.

இருண்ட வானம் என்றவுடன் இப்பொழுது எல்லோரும் கூறும் பெயர் ஹான்லே. லடாக்கின் கிழக்குக் கோடியில், சாங்தாங் பீடபூமியில், ஏறக்குறைய 4,500 மீட்டர் உயரத்தில் இந்திய வானாராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. 2000ஆம் ஆண்டில் முதல் ஒளியைப் பெற்ற 2 மீட்டர் இமாலயன் சந்திரா தொலைநோக்கி அங்கேதான் உள்ளது. அதனை இயக்குவோர் பெங்களூரை அடுத்த ஹொசகோட்டையில் அமர்ந்து, செயற்கைக்கோள் வழியாக இயக்குகின்றனர். இந்நிலையத்தைச் சூழ்ந்த சுமார் 1,073 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பு 2022 டிசம்பரில் இருள் வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இதில் நான் பெரிதும் மதிக்கும் அம்சம் பரப்பளவன்று. அங்குள்ள சிற்றூர்களைச் சேர்ந்த இருபதுக்கு மேற்பட்டோர்க்கு வான நூற்பயிற்சியும் தொலைநோக்கிகளும் அளிக்கப்பட்டன. வருகின்ற விருந்தினர்க்கு வானத்தைக் காட்டுபவர்கள் அவ்வூர் மக்களே. இருளைக் காப்பதனால் தமக்கும் ஒரு வருவாய் உண்டு என்பதை அவர்கள் கண்டுகொண்டனர். அறிவிப்புப் பலகை மட்டும் நட்டிருந்தால் இது நடந்திராது.

எனினும், நம் ஆசிரியர்களுள் எத்தனை பேர் நாற்பது மாணவர்களை ஹான்லேக்கு அழைத்துச் செல்ல இயலும்? 3,500 மீட்டர் உயரமுள்ள லேயிலேயே இரண்டு மூன்று நாள் தங்கி உடலைப் பழக்கிக்கொண்ட பின்னரே மேலே செல்ல வேண்டும். அது எல்லைப்புறப் பகுதியாதலின் அனுமதி பற்றிய விதிகளையும் முன்னதாக விசாரிக்க வேண்டும். குளிரைப் பற்றிக் கூறவே வேண்டியதில்லை. மேலும், தென்னாட்டில் வாழ்வோர் அறியாத ஒரு செய்தி உண்டு. ஹான்லே ஏறத்தாழ 33 பாகை வடக்கில் இருப்பதனால், அகத்திய நட்சத்திரம் அங்கு மிக உயர்ந்து நிற்கும்பொழுதும் அடிவானத்திற்கு மேல் 5 பாகையை எட்டுவதில்லை. தென் சிலுவை எழுவதே இல்லை எனலாம். அதே அகத்தியம் வட ஆற்காட்டுப் பகுதியில் 25 பாகை உயரத்திற்கு ஏறுகிறது. தென் சிலுவையும் முழுமையாகத் தெரிகிறது. வானம் இருண்டிருத்தல் ஒன்று. அவ்வானத்தில் எது தெரிகிறது என்பது மற்றொன்று.

இந்த இரண்டாவது காரணத்தை மனத்திற் கொண்டு இடம் தேடியவர் வைணு பாப்பு. கோடைக்கானலின் நிலையம் சூரிய ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்றிருந்தது. இரவு வானத்திற்கு வேறோர் இடம் தேவைப்பட்டது. அவர் தேர்ந்தெடுத்தது சவ்வாது மலையில், சுமார் 725 மீட்டர் உயரத்தில், காட்டின் நடுவே உள்ள காவலூர். 1960களின் இறுதியில் 38 சென்டிமீட்டர்க் கருவியோடு தொடங்கிய அந்நிலையம், 1986இல் 2.34 மீட்டர்த் தொலைநோக்கியைப் பெற்றது. 1977இல் யுரேனஸ் கிரகம் ஒரு விண்மீனை மறைத்தபொழுது அக்கிரகத்தின் வளையங்களை வெளிப்படுத்திய கணிப்புகளில் காவலூருக்கும் பங்குண்டு. பெரிய மலையுச்சி எதுவுமின்றி, நல்ல இடத் தேர்வினாலேயே பெற்ற பயன் இது.

ஆகவே, ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு சிறு காவலூரைத் தேடிக் கண்டுபிடிக்கலாம் என்கிறேன். இப்பணிக்கு ஆசிரியரையும் களப்பணியாளரையும் விடத் தகுதியுடையார் இலர். எந்த ஏரிக்கரைக்கு வண்டி செல்லும், எந்தக் குன்றின் பின்புறம் ஊர் விளக்கு மறையும், எந்த நிலம் எவருடையது என்பன அவர்கள் அறிந்தவை.

தேடுதலை வரைபடத்திலிருந்து தொடங்கலாம். நகர ஒளி தூரத்தோடு எவ்வாறு குறைகிறது என்பதற்கு, மெர்ல் வாக்கர் என்னும் அமெரிக்க வானியலார் 1970களில் ஓர் எளிய விதியைத் தந்தார். அதன்படி தூரம் இருமடங்கானால் வானத்தின் செயற்கை ஒளி ஐந்தில் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கும். ஒரு லட்சம் மக்கள் வாழும் நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் அகன்றால், அந்நகரின் திசையில் அடிவானத்திற்கும் உச்சிக்கும் நடுவே, இயற்கை ஒளியைவிடப் பத்தில் ஒரு பங்கே மிகுதியாகத் தோன்றும். இன்றைய வெண்ணிற எல்.இ.டி. விளக்குகள் வந்த பின் இக்கணக்கைச் சற்றே தாராளமாகக் கொள்ளுதல் நலம்.

தூரத்தைவிடத் திசை முக்கியமானது. பால்வீதியின் மையப் பகுதி விருச்சிகத்திற்கும் தனுசுக்கும் இடையே இருக்கிறது. தென்னிந்தியாவில் அது தெற்கு வானில் ஏறக்குறைய பாதி உயரத்திற்கு வரும். ஆகையால் நகரம் நமக்கு வடக்கே இருந்து, தெற்கே காடோ வெற்று நிலமோ இருக்கும் இடமே உகந்தது. வடக்கே சிறிது வெளிச்சம் இருந்தாலும் பெரிதாக இழப்பதற்கில்லை.

பகலில் ஒருமுறை சென்று பார்த்துவிட்டு, கருவி எதுவுமின்றி ஓர் அமாவாசை இரவில் மீண்டும் செல்க. மேனாட்டு நூல்கள் சிறு கரடி மண்டலத்தின் விண்மீன்களை எண்ணி வானத்தைச் சோதிக்குமாறு கூறுகின்றன. அச்சோதனை நமக்குப் பயன்படாது. துருவ நட்சத்திரமே இங்கு 10, 12 பாகை உயரத்தில் அடிவானப் புழுதியில் மூழ்கிக் கிடக்கிறது. அதற்கு மாற்றாக நான் கூறுவது பூசம். பிப்ரவரி, மார்ச்சு மாதங்களின் முன்னிரவில் கடக ராசி உயர்ந்து நிற்கும். பூச நட்சத்திரத்தை ஒட்டிய விண்மீன் கூட்டம் வெறுங்கண்ணுக்குச் சிறு வெண்புகைபோல் தோன்றினால், அவ்விடம் மாணவர் கூட்டத்திற்குத் தகும். எவ்வளவு முயன்றும் தோன்றாவிடில் வேறிடம் தேடுக. சோதிக்கு முன் கண்கள் அரை மணி நேரமேனும் இருளில் பழகியிருத்தல் அவசியம். இடையில் ஒருவர் கைபேசியைத் திறந்தால் அந்த அரை மணி நேரமும் வீணே.

காலத்தைப் பற்றி மிகுதியாகக் கூற வேண்டியதில்லை. தேய்பிறை அஷ்டமி முதல் வளர்பிறை திரிதியை வரையுள்ள நாட்கள் முன்னிரவுக் கூட்டத்திற்கு ஏற்றவை. சூரியன் மறைந்து ஒன்றேகால் மணி நேரம் கழிந்தே முழு இருள் வரும்.

இனி, பலரும் விரும்பாத ஒரு விஷயத்தைக் கூற வேண்டும். இருண்ட இடம் என்பது பெரும்பாலும் ஏழை ஊரின் அருகிலுள்ள இடம். நகரத்திலிருந்து வருவோர் அவ்வூரின் தெரு விளக்கு தம் காட்சியைக் கெடுக்கிறது என்று முணுமுணுப்பதை நான் கேட்டிருக்கிறேன். பல தலைமுறைகள் காத்திருந்து பெற்ற விளக்கு அது. பாம்பும் தேளும் நடமாடும் பாதையில் பெண்களும் குழந்தைகளும் அதன் துணையால் நடக்கின்றனர். அதனை அணைக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் அதற்கு ஒரு மூடி போடச் சொல்லலாம். மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024 ஜனவரியில் நாட்டின் முதல் இருள் வானப் பூங்காவாகச் சர்வதேச அங்கீகாரம் பெற்றது. அங்கும் கிராமங்கள் இருளில் விடப்படவில்லை. தெரு விளக்குகள் தரையை மட்டும் நோக்கும்படி மாற்றப்பட்டன. மேல்நோக்கிச் செல்லும் ஒளி எவருடைய பாதையையும் காட்டுவதில்லை. ஊராட்சியின் மின் கட்டணத்தையே கூட்டுகிறது. இவ்வாதத்தை ஊராட்சித் தலைவரிடம் எடுத்துரைப்பதற்கு வானநூல் தெரிந்திருக்கத் தேவையில்லை.

மற்றொரு குறையும் கண்டிருக்கிறேன். நல்ல இடம் ஒன்றைக் கண்டுபிடித்தவுடன் அதைப் பறைசாற்றி, அடுத்த அமாவாசைக்கு இருநூறு பேரைத் திரட்டி, மின்னாக்கியும் ஒலிபெருக்கியும் கொண்டுவந்து நிறுத்துகின்றனர். அதன் பின் அவ்விடம் இருண்ட இடமாக இருப்பதில்லை. ஊராரும் இரண்டாம் முறை இடம் தருவதில்லை. முப்பது நாற்பது பேருக்கு மேற்படாத கூட்டமே பயனுள்ளது. நிலத்துக்குரியவரிடமும், காடாயின் வனத்துறையிடமும் எழுத்து மூலம் அனுமதி பெறுக. குடிநீரும், மாணவியர்க்கு மறைவான கழிப்பிடமும் ஏற்பாடு செய்யாமல் எவரையும் அழைத்துச் செல்லற்க. வண்டிகளைத் திரும்பும் திசை நோக்கி முன்கூட்டியே நிறுத்திவிட்டால் இடையில் முகப்பு விளக்கு எரிய நேராது. கைவிளக்கைச் சிவப்புத் தாளால் மூடிப் பயன்படுத்துக. முதல் பார்வையை அவ்வூர்ச் சிறுவர்களுக்கு அளிக்க வேண்டும். வானம் அவர்களுடைய கூரைக்கு மேலுள்ளது.

இதில் காலதாமதம் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. உலகெங்கும் தன்னார்வலர் வெறுங்கண்ணால் விண்மீன்களைக் கண்டு அனுப்பிய குறிப்புகளைத் தொகுத்து 2023இல் வெளியான ஓர் ஆய்வு, 2011 முதல் 2022 வரை வானத்தின் செயற்கை ஒளி ஆண்டுக்கு 9.6 விழுக்காடு வீதம் கூடியதாகக் கூறுகிறது. அக்குறிப்புகளில் மிகுந்தவை ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. நம் ஊர்களின் நிலையை அறிய நம்மவர் எழுதிய குறிப்புகள் வேண்டும். ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் இடம், நாள், மணி, பூசம் தெரிந்ததா இல்லையா, கார்த்திகையில் எத்தனை மீன்கள் எண்ணப்பட்டன, எந்தத் திசையில் எந்த ஊரின் ஒளி தோன்றியது என்பவற்றை ஆண்டுக்கு இருமுறை எழுதி வந்தால் போதும். ஆசிரியர் மாற்றலாகிச் செல்லும்பொழுது அக்குறிப்பேட்டை அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துச் செல்ல வேண்டும்.