முதன்முறையாகக் குவாங்சோ செல்வோருக்கு



கடல் கடந்து வாணிபம் செய்வது நம்மவர்க்குப் புதிதன்று. கொழும்பு, பினாங்கு, ரங்கூன் என்று பாட்டனார் காலத்துப் பயணங்களைப் பற்றிய கதைகள் நம் வீடுகளில் இன்றும் உண்டு. அந்த வரிசையில் இப்போது சேர்ந்திருக்கும் ஊர் தென்சீனத்திலுள்ள குவாங்சோ. முன்னர் கான்டன் என்று அழைக்கப்பட்டதும் இந்நகரமே. 1957ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இதன் வர்த்தகப் பொருட்காட்சி, ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்குகிறது. அதைக் காணவும், மொத்தச் சரக்கு வாங்கவும் நம் இளைஞர்கள் விமானம் ஏறுகிறார்கள். அவர்களுள் பலர் கொண்டு செல்வது குடும்பத்தின் சேமிப்பு. எனவே இப்பயணம் ஒருவருடையது மட்டுமன்று, ஒரு வீட்டினுடையது.

2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 86 லட்சம். இத்தனை பெரிய ஊரில் திருடருக்கு அஞ்ச வேண்டுமோ என்று பலர் கேட்கிறார்கள். இரவிலும் தெருவில் அச்சமின்றி நடக்கக்கூடிய ஊர் அது. புதியவருக்கு வரும் சங்கடம் வேறு வகையானது. மற்ற நாடுகளில் அவருக்குக் கைகொடுத்த பணம், பேச்சு, கைபேசி ஆகிய மூன்றும் அங்கே இறங்கியவுடன் பயனற்றுப் போகக்கூடும். இதற்குப் பரிகாரம் அங்கே இல்லை. புறப்படும் முன் நம் வீட்டிலேயே இருக்கிறது.

முதலில் பணம். பழக்கடை முதல் பெரிய அங்காடி வரை அங்கு எல்லோரும் அலிபே, வீசாட் ஆகிய இரு செயலிகளின் வழியாகவே பணம் செலுத்துகிறார்கள். நம் நாட்டுச் செயலிகளை நம்பிச் செல்லாதீர்கள். வெளிநாட்டுக் கடனட்டைகளையும் இவ்விரண்டிலும் இப்போது இணைக்கலாம். ஒரே தடவையில் செலுத்தக்கூடிய உச்சத் தொகை 2024இல் 1,000 டாலரிலிருந்து 5,000 டாலராக உயர்த்தப்பட்டது. இதற்குப் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். உங்கள் வங்கி அனுப்பும் ரகசிய எண் இந்திய எண்ணுக்கே வரும் என்பதால் அந்த சிம்மைக் கழற்றி வைத்துவிடக் கூடாது. சிறு நோட்டுகளாகக் கொஞ்சம் யுவானும் கையில் இருக்கட்டும்.

அடுத்தது கைபேசி. வாட்ஸ்அப், கூகுள், யூடியூப், ஃபேஸ்புக் ஆகியவை சீன இணையத்தில் தடுக்கப்பட்டுள்ளன. விடுதியின் இணைய வசதியை நம்பி, "போய் இறங்கியதும் பேசுகிறேன், உம்மா" என்று சொல்லிச் சென்ற பிள்ளையால் பேச முடிவதில்லை. இங்கே தாயாருக்கோ இரவெல்லாம் உறக்கமில்லை! நம் நாட்டு சிம்மிலேயே ரோமிங் வசதி பெற்றுச் சென்றால் இச்செயலிகள் பெரும்பாலும் இயங்கும். வீசாட் இந்தியாவில் தடைசெய்யப்பட்டிருப்பதால் வீட்டாருடன் பேச அதை நம்ப முடியாது, ரோமிங் வசதியையே முன்கூட்டி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.  ஆகவே கடைசி நாள்வரை காத்திராதீர்கள். சீன நேரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தியது. இங்கு இரவு 9 மணி என்றால் அங்கு 11.30 ஆகிவிடும்.

மூன்றாவது பேச்சு. ஆங்கிலம் அறிந்த வாடகைக்கார் ஓட்டுநர் கிடைப்பது அரிது. விடுதியின் பெயரையும் முகவரியையும் சீன எழுத்திலேயே அச்சிட்டுப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ ரயிலில் பெயர்ப்பலகைகளும் அறிவிப்புகளும் ஆங்கிலத்திலும் உண்டு. ஒவ்வொரு முறை நுழையும்போதும் பைகளைச் சோதனை செய்வார்கள். அது எல்லோருக்கும் உள்ள வழக்கம். சந்தையில் விலை பேசக் கணக்குப்பொறி போதும். வியாபாரி கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மட்டும் நீட்டிக் காட்டினால் அது ஆறு. இரண்டு என்று எண்ணி மகிழ்ந்துவிட வேண்டாம்!

உணவில் மிகுந்த எச்சரிக்கை தேவை. சீன மொழியில் "ரோ" என்றால் இறைச்சி. எந்த விலங்கினுடையது என்று குறிப்பிடாமல் சொன்னால் அது பெரும்பாலும் பன்றி இறைச்சியே. காய்கறிப் பண்டத்திலும் பன்றிக்கொழுப்பு சேர்க்கப்படுவதுண்டு. ஹலால் உணவகங்களின் பலகையில் "சிங்ஜென்" என்னும் சொல் இருக்கும். தூய்மையும் உண்மையும் என்பது அதன் பொருள். இந்த இரண்டெழுத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வடமேற்குச் சீனத்திலிருந்து வந்த ஹுய் முஸ்லிம்கள் நடத்தும் மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடைகள் நகரெங்கும் உள்ளன. ஷியாவ்பெய் பகுதியில் அரபு, துருக்கி உணவகங்களும் உண்டு.

தொழுகைக்கு இடமில்லையோ என்ற கவலை வேண்டாம். குவாங்தா சாலையிலுள்ள ஹுவைஷெங் பள்ளிவாசல் சீனாவின் மிகப் பழைய பள்ளிவாசல்களுள் ஒன்று. சுமார் 36 மீட்டர் உயரமுள்ள அதன் மினாரா "ஒளிக்கோபுரம்" எனப்படுகிறது. தீக்கிரையான இப்பள்ளி 1350இல் மீண்டும் கட்டப்பட்டது. நபித்தோழர் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அடங்கியிருப்பதாக ஊர்மக்கள் கருதும் இடமும் இந்நகரில் உள்ளது. எனினும் அவர்கள் மதீனாவின் ஜன்னத்துல் பகீயில் நல்லடக்கம் செய்யப்பட்டதாகவே நம் வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

இன்னும் சில சொற்கள். அங்கு வாகனங்கள் சாலையின் வலப்பக்கம் செல்வதால், கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பாருங்கள். மின்சார இருசக்கர வண்டிகள் ஓசையின்றி நடைபாதையிலும் வரும். பொதுக் கழிப்பறைகளில் சுத்தம் செய்யத் தண்ணீர்க் குழாய் இராது, காகிதமும் இல்லாமற் போகலாம். சிறு தண்ணீர்ப் புட்டி உடனிருக்கட்டும். குழாய் நீரைக் காய்ச்சாமல் பருகாதீர்கள்.

பாஸ்போர்ட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். விடுதியில் தங்கினால் காவல்துறைப் பதிவை விடுதியாரே செய்துவிடுவர். நண்பர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்திற்குள் அப்பதிவைச் செய்தாக வேண்டும். உதவி என்ற பேச்சுக்கே இடமின்றிப் பலர் தவறவிடுவது இதைத்தான். காவல்துறைக்கு 110, ஆம்புலன்சுக்கு 120. இந்தியத் துணைத் தூதரகமும் அந்நகரில் இயங்குகிறது. அதன் தொலைபேசி எண்ணைக் காகிதத்தில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.

இவற்றை எல்லாம் செய்து முடிக்க ஒரு மாலைப்பொழுது போதும். பெட்டி கட்டும் நாளுக்கு முன்னரே வீட்டார் அனைவரும் அமர்ந்து செய்யுங்கள். ரோமிங் வசதியை மகள் ஏற்பாடு செய்து தரட்டும், முகவரிச் சீட்டை மனைவி எடுத்து வைக்கட்டும். ரோமிங் வசதி கிடைத்துவிட்டதை உறுதி செய்த பின்னரே விமான நிலையத்திற்குப் புறப்படுங்கள். போய்ச் சேர்ந்த செய்தி அன்றிரவே வீட்டை வந்தடையும், இன்ஷா அல்லாஹ்.